ஜோ மீக்கின் மாடிப்படி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கில இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜோ மீக் குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். நான் இருபது ஆண்டுகளாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். என் மறுப்பும் அந்தப் பழக்கத்திலிருந்தே வருகிறது. மீக்குக்கு எந்த வாத்தியமும் முறையாக வாசிக்கத் தெரியாது, இசைக்குறிப்பு எழுதத் தெரியாது, பாடினால் சுருதி சேராது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் முனகியதைக் கேட்டு மெட்டாக வடித்தெடுத்தவர்களும் வாசித்தவர்களும் வேறு பலர். அப்படியிருக்க, ‘டெல்ஸ்டார்’ என்ற வாத்திய இசைத்தட்டு அவருடைய படைப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்? பீட்டில்ஸ் வந்த ஓரிரு ஆண்டுகளில் அவருடைய ஒலி பழையதாகிவிட்டது என்றால், அவருடைய செல்வாக்கு என்று நீங்கள் குறிப்பிடுவது எதை? கடைசியாக ஒன்று. ஒரு பெண்ணைச் சுட்டுக் கொன்றவரைப் பற்றிய கட்டுரையில் அந்தச் செய்தி ஒரே வரியில் முடிந்துவிட்டது. அது என்னை உறுத்தியது.

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

உங்கள் கடைசிக் குறை முற்றிலும் நியாயமானது. அந்த ஒரு வரி போதாது. அதற்கு வருகிறேன், ஆனால் முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தப் பெண் வாழ்ந்த வீட்டுக்குள் நுழையாமல் மீக்கின் இசையைப் பற்றியே பேச முடியாது.

1950களின் பிரிட்டனில் ஒலிப்பதிவு என்பது நடந்த வாசிப்புக்குச் சாட்சி சொல்வது. கூடத்தில் குழு வாசிக்கும், மைக்குகள் விதிப்படியான தூரத்தில் நிற்கும், ஒலிப்பதிவாளர் அளவுமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்வார். இஎம்ஐ என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணியாளர்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களைப் போல வெள்ளை அங்கி அணிந்தே வேலை செய்தார்கள். அந்த உலகத்துக்குள் 1950களின் நடுவில் வந்து சேர்ந்தவர் மீக். 1929இல் குளோஸ்டர்ஷயரின் நியூவென்ட் என்ற சிற்றூரில் பிறந்து, கட்டாய ராணுவப் பணிக்காலத்தில் விமானப்படையின் ராடார் கருவிகளோடு பழகி, பிறகு மின்சார வாரியத்தில் வேலை பார்த்துவிட்டு லண்டனின் ஐபிசி ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தவர். அவர் கற்றதெல்லாம் சுற்றுகள், வால்வுகள், ஸ்பிரிங்குகள் ஆகியவற்றின் மொழி.

1956இல் ஹம்ஃப்ரி லிட்டில்டன் என்ற ஜாஸ் டிரம்பெட் கலைஞரின் ‘பேட் பென்னி ப்ளூஸ்’ பதிவானபோது ஒலிப்பதிவாளராக இருந்தவர் மீக். கீபோர்டு வாசிப்பவராகிய நீங்கள் அதில் ஜானி பார்க்கரின் பியானோ இடக்கையை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். உரத்த ஒலியை அடக்கி மெல்லிய ஒலியை மேலே தூக்கும் கம்ப்ரசர் கருவியை மீக் அந்த இடக்கையின் மீது அளவுக்கு மீறி அழுத்தியிருக்கிறார். பியானோ தன் இயல்பான அடக்கத்தை இழந்து, மரத்தால் ஆன ஒரு தாள வாத்தியம் போல முன்னால் வந்து நிற்கிறது. லிட்டில்டனுக்கு அந்த ஒலி பிடிக்கவில்லை. ஆனால் தட்டு பிரிட்டிஷ் பட்டியலில் முதல் இருபதுக்குள் வந்தது, ஒரு ஜாஸ் தட்டுக்கு அது அரிது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1968இல், பால் மெக்கார்ட்னி ‘லேடி மடோனா’ பாடலுக்குப் பியானோவில் அமர்ந்தபோது அதற்கு ஒரு முன்மாதிரியாக இருந்தது இந்தத் தட்டு. பார்க்கரின் விரல்கள் இல்லாமல் அது நடந்திருக்காது என்று நீங்கள் சொன்னால் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விரல்களை அப்படிக் கேட்கவைத்தது எந்த விரல் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே என் வாதம்.

1960 வாக்கில் லண்டனின் வடபகுதியில் 304, ஹாலோவே சாலையில், ஒரு தோல் பொருள் கடைக்கு மேலிருந்த மாடிகளை வாடகைக்கு எடுத்து அவர் தன் சொந்தக் கூடத்தை அமைத்தார். வீடு என்றே சொல்ல வேண்டும். ஓர் அறையில் குழு வாசிக்கும், இன்னோர் அறையில் ரெக்கார்டர்கள் இருக்கும், பாடகர் குளியலறையில் நிற்பார், வயலின் கலைஞர்கள் மாடிப்படியில் அமர்ந்திருப்பார்கள். பெரிய நிறுவனங்கள் தனி எதிரொலி அறைகள் வைத்திருந்த காலத்தில் மீக் ஸ்பிரிங்கைக் கொண்டு தன் கையாலேயே எதிரொலிக் கருவி செய்துகொண்டார். ஒரு டேப்பில் பதிந்ததை ஒலிக்கவிட்டு, அதன் மேல் புதிதாக வாசிக்கச் செய்து, இரண்டையும் அடுத்த டேப்பில் சேர்ப்பார். பிறகு அதன் மேல் இன்னொரு அடுக்கு. கேசட் காலத்தில் நகலுக்கு நகல் எடுத்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியும்: ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், ஒலியின் விளிம்புகள் மழுங்கும். அந்த மழுங்கலைக் குறையாக எண்ணி ஒளிக்காமல் அதையே தன் வண்ணமாக்கிக்கொண்டவர் மீக். 1961இல் ஜான் லேட்டன் பாடி முதலிடம் பிடித்த ‘ஜானி ரிமெம்பர் மீ’ தட்டில் மேட்டு நிலத்துக் காற்றைப் போலக் கேட்கும் அந்தப் பெண்குரல் வாடகை வீட்டுக்குள் பிறந்தது என்பதை இன்றும் வியப்போடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

மாடிப்படியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1964இல் ஹனிகோம்ப்ஸ் குழுவின் ‘ஹாவ் ஐ த ரைட்’ பாடலுக்கு டிரம்ஸ் ஒலி போதவில்லை என்று மீக் நினைத்தார். டிரம்ஸ் வாசித்தவர் ஆன் லான்ட்ரி என்ற இளம்பெண், முடி அலங்காரத் தொழிலிலிருந்து வந்தவர், நன்றாகவே வாசித்தார். மீக்குக்கு வேண்டியிருந்தது அதைவிடப் பெரிய காலடி. குழுவினரை அழைத்துக் கைப்பிடி போட்ட அந்த மரப்படிகளில் நிற்கவைத்து, பல்லவிக்கு நேராக ஓங்கி மிதிக்கச் சொன்னார். ஒலியைப் பிடிக்க மைக் ஸ்டாண்டு வைக்க அங்கே இடமில்லை. சைக்கிள் ஓட்டுபவர்கள் கால்சட்டை சங்கிலியில் மாட்டாமலிருக்கக் கணுக்காலில் போடுவார்களே, அந்தக் கிளிப்புகளால் ஐந்து மைக்குகளைக் கைப்பிடிக் கம்பிகளில் பொருத்தினார். பாடல் பிரிட்டனில் முதலிடத்துக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் இடத்துக்கும் போனது. மெட்டு கென் ஹோவர்டும் ஆலன் பிளெய்க்லியும் எழுதியது, குரல் வேறொருவருடையது. ஆனால் அந்தப் பாட்டை ஒருமுறை கேட்டவர் நினைவில் முதலில் எழுவது அந்த மிதி. அந்த மிதியை ஏதேனும் இசைக்குறிப்பில் எழுதிக் காட்ட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ‘டெல்ஸ்டார்’. 1962 ஜூலை 10 அன்று அந்தப் பெயர் கொண்ட செயற்கைக்கோள் ஏவப்பட்டது, அட்லாண்டிக்கைக் கடந்து தொலைக்காட்சிப் படங்கள் வந்தன. அதைப் பார்த்த மீக் மனத்தில் எழுந்த மெட்டைப் பதிந்துவைத்தார். வேறொரு பாட்டின் வாத்தியப் பின்னணியை ஓடவிட்டு அதன் மேல் அவர் முனகிய அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. சுருதி சேரவில்லை, கேட்கச் சிரமமாகவே இருக்கும். அந்த மெட்டை மீக்குக்காக வாசித்த டொர்னேடோஸ் குழு அப்போது கிரேட் யார்மத் கடற்கரையில் பாடகர் பில்லி ஃபியூரிக்குப் பக்கவாத்தியமாகக் கோடைக்கால நிகழ்ச்சிகளில் வாசித்துக்கொண்டிருந்தது. இடையில் லண்டன் வந்து பதிவு செய்துவிட்டுத் திரும்பிச் சென்றது. அதன் பிறகு ஜெஃப் காடர்ட் என்ற இசையமைப்பாளர் கிளாவியோலின் என்ற கருவியில் அந்த மெட்டை வாசித்துச் சேர்த்தார்.

இந்தக் கருவியை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள். 1947 வாக்கில் பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் உருவாக்கிய சிறிய மின்னணுக் கீபோர்டு அது, ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். 1954இல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தில் இந்தியா முழுவதும் கிறங்கிக் கேட்ட மகுடி ஓசை உண்மையான மகுடியிலிருந்து வந்ததில்லை. கல்யாண்ஜி அதைக் கிளாவியோலினில்தான் வாசித்தார். இங்கே பாம்பை ஆட்டிய அதே கருவி எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஹாலோவே சாலையில் விண்வெளிக்கு மெட்டிசைத்தது. கருவி ஒன்றுதான் என்று நம்ப முடியாத அளவுக்கு இரண்டும் வேறுபடுகின்றன, அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு எதிரொலியும் கம்ப்ரசரும் டேப் அடுக்குகளும் செய்தது. ‘டெல்ஸ்டார்’ பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது, ஒரு பிரிட்டிஷ் ராக் குழு அங்கே அந்த இடத்தை எட்டியது அதுவே முதல் முறை, பீட்டில்ஸுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னால். அந்தச் செயற்கைக்கோளோ 1963 பிப்ரவரியிலேயே செயலிழந்துவிட்டது.

ஓரிடத்தில் உங்கள் கோபத்தோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். தட்டில் இசையமைப்பாளர் என்று இருப்பது மீக்கின் பெயர் மட்டும். அந்த ஓசைக்கு விரலும், கடைசியில் சொற்களற்ற குரலும் தந்த காடர்டின் பெயர் அதில் இல்லை. குழப்பமான முனகலிலிருந்து ஒரு மெட்டை வடித்தெடுக்கும் உழைப்பு என்னவென்று மெல்லிசை மேடையில் நின்ற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு தட்டின் படைப்பாளி ஒருவர்தான் இருக்க முடியும் என்று என் கட்டுரை தொனித்திருந்தால் அது தவறு. ‘டெல்ஸ்டார்’ மெட்டை வேறொருவர் வேறு கருவியில் வாசித்தால் அது அதே மெட்டுதான், ஆனால் அது ‘டெல்ஸ்டார்’ தட்டு ஆகாது என்ற அளவில் என் கருத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

செல்வாக்கைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் இருக்கிறது. அவருடைய குறிப்பிட்ட ஓசை 1964க்குப் பிறகு பழையதாகத்தான் ஆனது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மைக்கை வாத்தியத்தின் வாயருகே கொண்டுபோவது, பேஸ் கிட்டாரை ஒலிபெருக்கி வழியாகப் பிடிக்காமல் கம்பி வழியே நேராகப் பதிவுக் கருவிக்குள் செலுத்துவது, வேகத்தைக் கூட்டிக் குறைத்து டேப்பையே வாத்தியமாக்குவது ஆகியவற்றையெல்லாம் மற்றவர்கள் விதிமீறலாகப் பார்த்த நாளில் அவர் அன்றாடப் பழக்கமாக்கியிருந்தார். இன்று ஒவ்வொரு கூடத்திலும் அவை பாலபாடம். இன்னொன்று தொழில்முறை சார்ந்தது. மாதச் சம்பளத் தயாரிப்பாளர்களின் காலத்தில், தானே பதிவு செய்து முடித்த டேப்பைப் பெரிய நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் வழியில் அவர் இயங்கினார். இதில் அவருக்கு முன்னோடி டெனிஸ் பிரெஸ்டன் என்ற தயாரிப்பாளர், அவரிடம் பணியாற்றியே மீக் இதைக் கற்றார். ஆனால் அந்த வழியில் வீட்டு மாடியிலிருந்து உலக முதலிடம் வரை போக முடியும் என்று காட்டியவர் மீக். இஎம்ஐயில் சம்பளத்துக்கு வேலை பார்த்த, பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே 1965இல் வெளியேறித் தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

இப்போது உங்கள் கடைசிக் குறைக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் பெயர் வயலெட் ஷென்டன். கீழே தோல் பொருள் கடை நடத்தியவர், மீக்குக்கு மாடிகளை வாடகைக்கு விட்டவர். நான் மேலே வியந்து எழுதிய ஒவ்வோர் ஓசையும், அந்த மாடிப்படி மிதி உட்பட, அவர் தலைக்கு மேல் எழுந்தது. சத்தம் பொறுக்க முடியாதபோது அவர் துடைப்பக் கட்டையால் மேற்கூரையைத் தட்டுவார், மீக் ஒலிபெருக்கியைப் படிக்கட்டின் பக்கம் வைத்து இன்னும் கூட்டுவார் என்று அந்த வீட்டுக்கு வந்துபோன கலைஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதை வேடிக்கைக் கதையாகச் சொல்வது வழக்கம். முடிவு தெரிந்த பிறகு என்னால் அதை அப்படி வாசிக்க முடியவில்லை.

1963 முதல் மீக்கின் வாழ்க்கை நொறுங்கத் தொடங்கியது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜான் லெத்ரு ‘டெல்ஸ்டார்’ தன் திரைப்பட மெட்டின் நகல் என்று வழக்குத் தொடுத்தார், மீக்குக்கு வரவேண்டிய உரிமைத்தொகை முடங்கியது. அதே ஆண்டு தன்பாலின உறவு சார்ந்த ஒரு குற்றச்சாட்டில் தண்டம் விதிக்கப்பட்டு, செய்தித்தாளில் பெயர் வந்தது. இங்கிலாந்தில் அத்தகைய உறவு அப்போது குற்றம், சட்டம் 1967 ஜூலையில்தான் மாறியது. கடனும் மாத்திரைப் பழக்கமும், தன்னை எல்லோரும் ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டன. 1967 பிப்ரவரி 3 அன்று மாடிக்கு வந்த வயலெட் ஷென்டனை, தன் பாடகர் ஒருவர் அந்த வீட்டில் விட்டுவைத்திருந்த துப்பாக்கியால் சுட்டுக் கொன்று, அடுத்துத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவருக்கு வயது 37. வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது அவர் இறந்த பிறகுதான். அவர் பட்ட துன்பங்கள் உண்மையானவை, அவற்றில் சில நாடே அவருக்கு இழைத்த அநீதி. ஆனால் அவற்றில் ஒன்றையும் இழைத்தவர் அந்த அம்மையார் இல்லை. ‘மீக்கின் துயர முடிவு’ என்று எழுதும்போது நாம் இரண்டு சாவுகளை ஒன்றாக எண்ணிவிடுகிறோம், என் கட்டுரையும் அதைச் செய்தது. அந்தப் பத்தியைத் திருத்தி, வயலெட் ஷென்டனின் பெயரோடு மீண்டும் வெளியிடுகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மீக் விட்டுச்சென்ற டேப்புகள் 67 தேயிலைப் பெட்டிகளில் நிறைந்திருந்தன. அவரிடம் பதிவு செய்த குழு ஒன்றில் இருந்த கிளிஃப் கூப்பர் அவற்றை 300 பவுண்டுக்கு வாங்கிப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார். 2020இல் செர்ரி ரெட் என்ற இசைத்தட்டு நிறுவனம் வாங்கி, ஒவ்வொன்றாகச் சீர்செய்து வெளியிட்டு வருகிறது. அவற்றைத் தேடுவதற்கு முன் ‘டெல்ஸ்டார்’ தட்டையே ஹெட்ஃபோனில் ஒருமுறை கேளுங்கள். கடைசிப் பகுதியில் கிளாவியோலினுக்குப் பின்னால், வெகு தொலைவில், ஒரு மனிதக் குரல் அதே மெட்டைச் சொற்களில்லாமல் பாடிக்கொண்டு வரும். அதுதான் காடர்ட்.