சிக்கலான வாக்கியமும் கணினி இலக்கணமும்: எதிலிருந்து தொடங்குவது?

வாக்கியத்தின் அமைப்பையும் பொருளையும் கணினிக்குப் புரியும் விதிகளாக எழுத உதவும் இலக்கண முறைகள் எல்.எஃப்.ஜி. (Lexical Functional Grammar), ஹெச்.பி.எஸ்.ஜி. (Head-driven Phrase Structure Grammar), சி.சி.ஜி. (Combinatory Categorial Grammar). இந்த மூன்றில் எதைப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒரு தாளை எடுத்து இந்த வாக்கியத்தை எழுதுங்கள்: 'அவன் மருந்து குடித்துவிட்டுத் தூங்கவில்லை.' குடித்தான், தூக்கம் மட்டும் இல்லை என்றும் கொள்ளலாம். குடிக்காமலே தூங்கினான் என்றும் கொள்ளலாம். 'இல்லை' முற்றுவினையை மட்டும் மறுக்கிறதா, வினையெச்சத்தையும் சேர்த்தா என்பதே சிக்கல். இரு பொருளையும் தர்க்கக் குறியீட்டில் தனித்தனியே எழுத வராவிட்டால், முதலில் அந்தக் குறியீட்டுக்கு அடிப்படையான பயனிலைத் தர்க்கமும் (predicate logic), சிறு பொருள்களை இணைத்து வாக்கியப் பொருளாக்க உதவும் லாம்டா கணிதமும் (lambda calculus) படியுங்கள். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள்.

பொருண்மைதான், அதாவது வாக்கியம் எப்படிப் பொருள் தருகிறது என்பதுதான், உங்கள் ஆர்வம் என்றால் சி.சி.ஜி.யில் தொடங்கலாம். அதில் தொடரமைப்பின் ஒவ்வொரு படிக்கும் பொருளின் ஒரு படி இணையாக வரும். பைத்தான் நிரல்மொழிக்கான என்எல்டிகே (NLTK) என்ற மொழி ஆய்வு நிரல் தொகுப்பிலேயே அதற்கான பாகுபடுத்தி, அதாவது வாக்கியத்தின் அமைப்பைப் பிரித்துக் காட்டும் நிரல், இருக்கிறது. ஆனால் தமிழில் எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறும். வினைக்கு ஒரே வரிசையை எழுதி வைத்தால் 'கதையை மாலா படித்தாள்' என்பது தோற்றுவிடும். வேற்றுமை உருபிலிருந்தே உறவைப் பிடிக்க எல்.எஃப்.ஜி. வசதியானது. 'ஒவ்வொரு மாணவனும் ஒரு கதை படித்தான்' என்பதில் எல்லோரும் படித்தது ஒரே கதையா, வேறுவேறா? இதை முடிவு செய்யாமலே ஒரே வடிவத்தில் வைத்திருக்க, ஹெச்.பி.எஸ்.ஜி. இலக்கணங்கள் பலவற்றில் எம்.ஆர்.எஸ். என்ற பொருண்மைக் குறியீடு பயன்படுகிறது.

ஒன்றைத் தேர்ந்து, பெயரெச்சம், வினையெச்சம், 'என்று' தொடர் மூன்றையும் தொடும் சிறு இலக்கணம் எழுதுங்கள். சோதனைக்கு ஐம்பது வாக்கியங்கள் போதும். அதில் குறைந்தது இருபது பிழையான வாக்கியங்களாக இருக்கட்டும். சரியானவற்றை மட்டும் வைத்தால் இலக்கணம் எதையும் விழுங்குவது தெரியாமலே போகும். ஒரு விதியை மாற்றினாலும் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள். ஒரு வாக்கியத்துக்குக் கிடைக்கும் பாகுபாடுகள் (அமைப்புப் பிரிப்புகள்) திடீரென்று பெருகினால் பதற வேண்டாம்: பத்துச் சொற்களை வரிசை மாற்றாமல், ஒவ்வோர் அடைப்பிலும் இரண்டு பகுதிகள் வரும்படி முழுவதும் அடைப்புக்குறியிட 4,862 வழிகள் உண்டு. சி.சி.ஜி.யில் பல வழிகள் ஒரே பொருளில் போய் முடியும். வழிகளை எண்ணாமல் பொருள்களை எண்ணுங்கள்.

இலக்கணம் எழுதுவதே முழுநேர வேலையாக இருக்கும் இடங்கள் குறைவு; இதை மறைப்பதில் பயனில்லை. தரவுக் குறியிடல், மொழி மாதிரிகளின் (language models) மதிப்பீடு, கேள்வியைத் தரவுத்தள வினவலாக மாற்றுதல் போன்ற பணிகளுக்கு இந்தப் பயிற்சி உதவும். விண்ணப்பத்தோடு அந்த இலக்கணத்தையும் சோதனை வாக்கியங்களையும், அது எங்கே, ஏன் தோற்கிறது என்ற ஒரு பக்கக் குறிப்பையும் இணையுங்கள்.