முதுகுப் பக்கம் வீசும் காற்று

சென்ற இதழில், அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபுவெர்த்தெவெந்தூரா தீவில் நான் கைட்சர்ஃபிங் (காற்றில் பறக்கும் பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் ஓடும் விளையாட்டு; அந்தப் பட்டம்தான் கைட்) கற்றுக்கொண்டதைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் படிக்கிறான். ஜூலையில் நண்பர்களோடு நீங்கள் எழுதிய அதே தீவுக்கு கைட்சர்ஃபிங் கற்கப் போகிறானாம். நீச்சல் தெரியும். படம் அனுப்பினான், குளம் மாதிரி அமைதியான கடல். ஆனால் காற்று பயங்கரமாக அடிக்கும் என்கிறார்களே? (திருச்சி வாசகி)

அம்மா, நீங்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை மட்டும் உங்கள் மகனுக்குச் சரியாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் படத்தில் இருப்பது சொத்தவெந்தோ கடற்கரை என்று நினைக்கிறேன். அது குளம் மாதிரி இருப்பதுதான் அங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

தீவு ஸ்பெயினுக்குச் சொந்தம் என்றாலும் இருப்பது ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டரில். கோடையில் அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ் தீவுகள் பக்கம் உயர் காற்றழுத்தம் வலுவாக உட்கார்ந்துகொள்ளும். அதைச் சுற்றி வரும் காற்று வடகிழக்கிலிருந்து நாள் தவறாமல் இந்தத் தீவின் மேல் அடிக்கும். நாம் பள்ளிக்கூடத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அதுதான். அந்த ஊர்க்காரர்கள் அலிசியோ என்பார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதன் உச்சம். தீவின் தெற்கே, ஹந்தியா தீபகற்பம் தொடங்கும் இடத்தில் நிலம் குறுகி, மலைகளுக்கு நடுவே தாழ்ந்த மணல்வெளியாகிவிடுகிறது. காற்று அந்த இடுக்கில் நுழைந்து நெருக்கப்பட்டு, வேகம் கூடி, மறுபக்கம் சொத்தவெந்தோவில் வந்து இறங்கும். ஸ்பானிய மொழியில் சொத்தவெந்தோ என்றால் காற்றுக்கு மறைவான பக்கம் என்று பொருள், ஆனால் அங்கே நின்றால் பறக்கும் மணல் முழங்காலுக்குக் கீழே ஊசியாகக் குத்தும்.

இப்போது குளத்துக்கு வருவோம். காற்று நிலத்தின் மேலிருந்து கடலை நோக்கிச் சாய்வாகப் போவதால், கரையோரத்தில் அலை எழும்ப இடமே கிடைப்பதில்லை. அதனால்தான் தண்ணீர் அவ்வளவு தட்டையாக இருக்கிறது. அதே காற்று பட்டத்தோடு நிற்கிற ஆளை ஆழ்கடலுக்குத் தள்ளும் என்பதும் உண்மை. நம் கரையில் அலை பெரிதாக இருந்தால் இறங்காதே என்று பெரியவர்கள் சொல்வார்கள், நல்ல புத்திமதிதான், ஆனால் சொத்தவெந்தோவில் அது மட்டும் போதாது, அலையே இல்லாத நாளிலும் ஆபத்து முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாலாவது நாள், சிறிய கைட்தான், பாடம் முடிந்துவிட்டது. இன்னும் அரை மணி நேரம் தனியாகப் பழகிக்கொள் என்று பயிற்சியாளர் விட்டுவிட்டுப் போனார், விட்டிருக்கக் கூடாது. கைட் தண்ணீரில் விழுந்தது. திரும்ப எழுப்பத் தெரியாமல் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தேன், கவனம் முழுக்கக் கயிற்றிலேயே. நிமிர்ந்து பார்த்தபோது கரையில் நின்றவர்களின் முகம் தெரியவில்லை, சட்டை நிறம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை. மீட்புப் படகு வந்து ஏற்றிக்கொண்டது. படகில் இருந்தவர் திட்டவில்லை. கரைக்கு வந்ததும் காய்ந்த மணலைக் கையில் அள்ளிக் காற்றில் விடச் சொன்னார், அது போன திசையைக் காட்டி, "தினமும் இறங்குவதற்கு முன்னால் இதைச் செய்" என்றார், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் மகன் பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது, மீட்புப் படகு எப்போதும் தண்ணீரிலேயே தயாராக நிற்குமா, பாடம் நடக்கும்போது பயிற்சியாளர் பக்கத்திலேயே இருப்பாரா என்பதைத்தான். விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதல் நாளே கைட்டைக் கழற்றிவிடும் அவசர விடுவிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பத்து தடவை இழுத்துப் பழகச் சொல்லுங்கள். ஜூலைக் காற்றுக்குக் கைட் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். பெரிய கைட் கொடுத்தால் ஏன் என்று கேட்கட்டும்.

இன்னொன்று. கரைக்கும் மணல்திட்டுக்கும் நடுவே கடல் ஏறும்போது ஒரு காயல் உருவாகும், முழங்கால், இடுப்பளவு தண்ணீர், கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் அது நன்றாக நிரம்பும், மற்ற நாட்களில் வெறும் மணலாகக் கிடக்கலாம். பயணத் தேதியை முடிவு செய்யும் முன் நாட்காட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கோவளத்தில் இரண்டு வருடமாக அலைச்சறுக்கு செய்கிறேன். ஜூலையில் அந்தத் தீவுக்குப் போனால் நல்ல அலை கிடைக்குமா? (சென்னை வாசகர்)

கிடைக்காது தம்பி. ஜூலை காற்றுக்காரர்களின் மாதம். உங்களுக்கு வேண்டிய அலை வட அட்லாண்டிக் புயல்களில் பிறந்து அக்டோபர் முதல் மார்ச் வரை தீவின் வடகரைக்கு வரும். கொர்ரலேஹோவில் தங்கி, எல் கொத்தியோ வரை போகும் கரடுமுரடான மண்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டு போனால் வழியெல்லாம் அலை உடையும் இடங்கள்தான். கொர்ரலேஹோவுக்கு எதிரே லோபோஸ் என்று ஒரு குட்டித் தீவு, அதன் ஓரமாக வலப்பக்கம் நீளமாக ஓடும் அலை ஒன்று இருக்கிறது, கால் வலிக்கும்வரை நிற்கலாம். அந்தத் தீவு இயற்கைப் பாதுகாப்புப் பகுதி, முன்கூட்டியே அனுமதி பதிவு செய்ய வேண்டும்.

கோவளம் பழக்கத்தை வைத்துக்கொண்டு அங்கே இறங்க வேண்டாம். வடகரையில் காலுக்குக் கீழே பெரும்பாலும் எரிமலைப் பாறை. விழும்போது தட்டையாக விழப் பழகுங்கள், பாறைக்கான காலணி போட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் எல் கொத்தியோவுக்குத் தெற்கே உள்ள மணல் கடற்கரையில் போதும். உள்ளூர்க்காரர்கள் எங்கே உட்கார்ந்து அலைக்குக் காத்திருக்கிறார்கள் என்று கரையில் இருந்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு இறங்குங்கள், அவர்கள் முறையில் குறுக்கே போகாதீர்கள்.

கேள்வி: விண்ட்சர்ஃபிங், கைட்சர்ஃபிங், விங்ஃபாயில்: எதை முதலில் கற்கலாம்? (மதுரை வாசகர்)

என் கட்சி விண்ட்சர்ஃபிங். பலகையில் பாயை மாட்டி, அது எந்தப் பக்கமும் சாய்கிற மாதிரி மூட்டு வைத்து, கலிஃபோர்னியாவில் ஜிம் டிரேக்கும் ஹோய்ல் ஷ்வைட்சரும் 1968 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். பாய் கையிலேயே இருப்பதால் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத் தோளே சொல்லிக் கொடுத்துவிடும். பிடிக்கவில்லை என்றால் கையை விட்டால் போதும், பாய் தண்ணீரில் விழுந்துவிடும். கைட்டில் பட்டம் இருபதுக்கும் மேற்பட்ட மீட்டர் தள்ளிப் பறக்கிறது, இடுப்பில் கொக்கி மாட்டியிருக்கிறது, தப்பு செய்தால் அது உங்களைத் தூக்கும். ஆனால் ஒரு வாரப் பயிற்சியிலேயே பலகையில் ஏறி ஓடிவிடலாம், விண்ட்சர்ஃபிங்கில் அந்த வேகத்துக்கு வர மாதங்கள் ஆகும். விங்ஃபாயிலை, அதாவது இறக்கை மாதிரியான பாயைக் கையில் பிடித்துக்கொண்டு, அடியில் நீர்ச்சிறகு மாட்டிய பலகையில் தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடுவதை, மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாய்ப்பலகை ஒன்று பாய்மரக் கப்பல்களையே வேகத்தில் தோற்கடித்ததாமே? (தூத்துக்குடி வாசகர்)

உண்மை, அதுவும் இதே சொத்தவெந்தோவில். 1986 ஜூலையில் பிரான்சின் பாஸ்கல் மாக்கா 38.86 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 72 கிலோமீட்டர் ஓடினார். அதுவரை சாதனை கிராஸ்போ 2 என்ற பெரிய இரட்டை உடல் படகிடம் இருந்தது, 36 நாட். பாயால் ஓடும் எல்லாவற்றிலும் ஒரு பலகை முதலிடம் பிடித்தது அதுதான் முதல் முறை. பின்னால் 2010 இல் நமீபியாவின் லூடெரிட்ஸில் ராப் டக்ளஸ் கைட்டில் 55.65 நாட் தொட்டார். அங்கேயும் அட்லாண்டிக் கரை, அங்கேயும் பலத்த காற்று, அங்கேயும் தட்டைத் தண்ணீர்.

கேள்வி: வயது 41. நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு விண்ட்சர்ஃபிங் கற்கலாமா? பெண்களுக்குக் கை பலம் போதுமா? (சேலம் வாசகி)

பலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவில் போசோ இஸ்கியெர்தோ என்ற ஊரில் இதைவிட முரட்டுக் காற்றில், அலைக்கு நடுவே பழகிய தாய்தா, இபாய்யா ருவானோ என்ற இரட்டைச் சகோதரிகள் பலமுறை உலகப் பட்டம் வென்றவர்கள். பாயை இழுக்கும் வேலையை இடுப்பும் உடல் எடையும் பார்த்துக்கொள்ளும், கை பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

நீச்சல் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மிதவைச் சட்டை மிதக்க வைக்கும், கரைக்குக் கொண்டுவராது. அங்கே தண்ணீர் குளிர்காலக் கடைசியில் 18 டிகிரி, செப்டம்பரில்கூட 22, 23 தான், நம் கடலில் பழகியவர்களுக்கு அந்தக் குளிரில் மூச்சே ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளும். சேலத்தில் நீச்சல் குளங்கள் இருக்கின்றன, நாளைக்கே போய்ச் சேருங்கள். நிற்காமல் 200 மீட்டர் நீந்த வந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்த மாதத்தில் போகலாம் என்று அப்போது சேர்ந்து பார்ப்போம்.