தியான முறையை நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது ஆபத்தா?

கேட்டவரின் நிலைமை இது: மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. மூச்சை விட்டுவிட்டு ஒரு மந்திரத்தையோ விளக்குச் சுடரையோ பிடித்துக்கொள்ளலாமா, சொல்லிக்கொடுத்ததை மாற்றினால் கெடுதல் வருமா என்று கேட்கிறார்.

தாராளமாக மாற்றலாம். உங்களுக்கு மாற்றுவதுதான் நல்லது. ஆனால் எல்லா மாற்றமும் ஒரே ரகம் இல்லை. பல வருடங்களாக உட்கார்ந்துவருகிறேன், கூட உட்கார்ந்தவர்களையும் கவனித்திருக்கிறேன். பயிற்சியை இலகுவாக்கிக்கொண்டதால் கெட்டுப்போனவரை நான் பார்த்ததில்லை. வேகத்தைக் கூட்டியவர்களும், நாலு இடத்தில் கற்றதில் பிடித்ததை மட்டும் எடுத்துக் கலந்தவர்களும்தான் அவதிப்பட்டார்கள்.

‘குரு சொன்னதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது’ என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். பௌத்த நூல்களில் வைசாலியில் நடந்ததாக ஒரு சம்பவம் வருகிறது. உடம்பின் அருவருப்பை எண்ணிப்பார்க்கும் தியானத்தைப் புத்தர் துறவிகளிடம் புகழ்ந்து சொல்லிவிட்டு, அரை மாதம் தனிமையில் இருக்கப் போய்விடுகிறார். அதையே தீவிரமாகச் செய்த துறவிகள் பலர் தங்கள் உடம்பையே வெறுத்து உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள். திரும்பி வந்த புத்தர், துறவிகளின் சங்கம் ஏன் இப்படிக் குறைந்துபோயிருக்கிறது என்று கேட்கிறார். சீடர் ஆனந்தர் நடந்ததைச் சொல்லி, வேறொரு முறையைக் கற்றுக்கொடுங்கள் என்று வேண்டுகிறார். அப்போது புத்தர் சொல்லிக்கொடுப்பதுதான் ஆனாபானசதி, அதாவது மூச்சைக் கவனிக்கும் தியானம். இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் முறை, அந்த இடத்தில் ஒரு மாற்று ஏற்பாடாகத்தான் வருகிறது. ஒரு முறை ஆளுக்கு ஒத்துவராவிட்டால் மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

பின்னால், 5ஆம் நூற்றாண்டில், இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து எழுதிய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் 40 தியானப் பொருள்களை வரிசைப்படுத்தி, எந்தச் சுபாவக்காரருக்கு எது பொருந்தும் என்றும் பிரித்துவைத்தார். கோபம் மிகுந்தவருக்கு மைத்ரி (எல்லோரிடமும் அன்பு) போன்றவை, ஆசை மிகுந்தவருக்கு உடம்பின் அருவருப்பு, மனம் ஓயாமல் அலைபவருக்கு மூச்சு. எல்லோரும் ஒரே அச்சில் உட்கார வேண்டும் என்பது மரபே சொல்லாத ஒன்று.

உங்களுக்கு மூச்சு முட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. தானாக நடந்துகொண்டிருந்த மூச்சை உற்றுப் பார்க்கத் தொடங்கியதும் சிலர் அறியாமலே அதை இழுத்து விடத் தொடங்குகிறார்கள். தேவைக்கு மேல் மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை லேசாகும், விரல் நுனி மரத்துப்போகும், காற்று போதவில்லை என்று தோன்றும். போதவில்லை என்று இன்னும் ஆழமாக இழுப்போம், அது இன்னும் மோசமாகும். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கும், முன்பு ஏதாவது பெரிய அதிர்ச்சியைக் கடந்தவர்களுக்கும் இது சீக்கிரம் வரும். அவர்களை ‘இன்னும் உறுதியாக உட்காருங்கள், போய்விடும்’ என்று தள்ளுவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

மூச்சுக்குப் பதிலாக உள்ளங்கால் தரையில் படும் உணர்வு, சுற்றிலும் கேட்கும் சத்தம், மெதுவான நடை, பழகிய ஒரு மந்திரம் எதையும் வைத்துக்கொள்ளலாம். கண்ணைத் திறந்துகொண்டு செய்யலாம். நாற்காலியில் உட்காரலாம், பத்மாசனம் கட்டாயமில்லை. சுடரைவிட மந்திரத்தையே நான் சொல்வேன். கண் வறட்சியோ ஒற்றைத் தலைவலியோ இருந்தால் இமைக்காமல் சுடரைப் பார்ப்பது தொந்தரவு தரும்.

இனி எச்சரிக்கை. மூச்சைக் கவனிப்பது வேறு, மூச்சை அடக்குவது வேறு. பிராணாயாமத்துக்குத் திருமூலர் கொடுக்கும் கணக்கு பூரகம் (உள்ளிழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (வெளிவிடுவது) 32. இந்தக் கணக்கின் அலகான மாத்திரையை ஒரு நொடி என்றே வைத்தாலும், ஒரு சுற்று மூச்சுக்கு 112 நொடி. அந்தப் பாட்டின் கடைசி அடியில், மாறுதல் வஞ்சகமாகும் என்று முடிக்கிறார். அளவை இஷ்டத்துக்கு மாற்றாதே என்று அதற்குப் பொருள் கொள்கிறவர்கள் உண்டு. ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூலும், சிங்கத்தையும் யானையையும் படிப்படியாக வசப்படுத்துவதுபோல மூச்சை வசப்படுத்த வேண்டும், இல்லையேல் அது செய்பவனையே கொன்றுவிடும் என்கிறது. என் நண்பர் ஒருவர் வீடியோ பார்த்து, துருத்திபோல மூச்சை இழுத்துவிடும் பஸ்திரிகாவை வேகமாகச் செய்து, உடனே நீண்ட கும்பகமும் பிடித்துப் பழகினார். இரவில் தூக்கம் போய், பகலில் காரணமில்லாத பயம் வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் நடைப்பயிற்சியோடு இருந்த பிறகுதான் தெளிந்தார். ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேக மூச்சையும் கும்பகத்தையும் தாங்களாகத் தொடவே கூடாது.

கற்ற முறையில் வேண்டாம் என்று நினைத்து விட்டுவிடுகிற பகுதியும் சிக்கல் தரும். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை என்ற யோகப் பயிற்சியில் தீட்சை பெற்றவர்களுக்குத் தெரியும், ஆக்கினையோடு சாந்தி தவமும் சொல்லித் தருவார்கள். புருவமத்தியில் நினைவை வைப்பது ஆக்கினை; அங்கே அழுத்தமோ சூடோ கூடினால் முதுகெலும்பின் அடியில் உள்ள மூலாதாரத்துக்கு இறக்கச் சொல்வார்கள், அது சாந்தி. ஆக்கினையில் சுகமாக இருக்கிறது என்று சாந்தியை விட்டுவிட்டு மணிக்கணக்கில் அங்கேயே நிற்பவர்கள் தலை பாரமாக இருக்கிறது என்று வருவார்கள். எந்த முறையிலிருந்து எதைக் கழிக்கிறீர்களோ, அது அங்கே எதற்காக வைக்கப்பட்டது என்று சொல்லிக்கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நேரத்தைப் பாதியாகக் குறைக்க யாரிடமும் கேட்க வேண்டாம்.

எஸ். என். கோயங்கா மரபின் 10 நாள் விபாசனா தியான முகாமில் விடிகாலை 4 மணிக்கு எழுப்பி, நாளுக்குச் சுமார் 10 மணி நேரம் உட்காரவைக்கிறார்கள். முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், அதற்குப் பிறகே உடல் உணர்வுகள். அந்த நாட்களில் வேறு எந்தப் பயிற்சியையும் கலக்க விடுவதில்லை. அங்கே அது சரி, ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார், விண்ணப்பத்திலேயே மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்கிறார்கள். அதே அட்டவணையைப் பூட்டிய வீட்டில் தனியாகப் போட்டுப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

தியானத்தால் யாருக்கும் எதுவும் ஆகாது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 2020இல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு பாதிப்பு பதிவாகியிருந்தது. அதிகம் தென்பட்டவை பதற்றமும் மனச்சோர்வும். இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு இருந்தவர்கள் நீண்ட முகாமுக்கு முன் தங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும், மாத்திரையை நிறுத்தவே கூடாது. தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல் உற்சாகம் பொங்கினால் அதை முன்னேற்றம் என்று எண்ணாமல் பயிற்சியை அன்றே நிறுத்த வேண்டும்.

நீங்கள் இப்போதைக்குக் கண் திறந்து, கால் தரையில் பதிய, பத்து நிமிடம் மந்திரத்தோடு இருங்கள். மூச்சு தன் பாட்டுக்குப் போகட்டும். உட்காராத நேரத்திலும் படபடப்பு வந்தாலோ, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, ஹீமோகுளோபின், தைராய்டு, ஈசிஜி மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.