பழைய எம்ஜிபி காருக்கு ஓவர்டிரைவ்: மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். என்னிடம் 1972 மாடல் எம்ஜிபி ஜிடி இருக்கிறது. நாலு கியர், ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) கிடையாது. மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் போனால் இன்ஜின் இரைச்சலில் பேச முடிவதில்லை. ஒருவர் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸை மலிவாகத் தருகிறார். "கழற்றும்போது நன்றாகத்தான் ஓடியது" என்கிறார். வாங்கலாமா?

பதில்: ஓவர்டிரைவ் தாராளமாகப் போடுங்கள். 70 மைலில் இப்போது நிமிடத்துக்குச் சுமார் 3,900 சுற்று சுற்றும் இன்ஜின், சுவிட்சைத் தட்டியதும் 3,200க்கு இறங்கிவிடும். நீண்ட பயணத்தில் அது பெரிய நிம்மதி.

ஆனால் இவரிடம் வாங்குவதை யோசியுங்கள். எம்ஜிபியில் கியர்பாக்ஸை மட்டும் தனியாக இறக்க முடியாது. இன்ஜினோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். மாட்டிய பிறகு கோளாறு தெரிந்தால் அதே கூலியை மறுபடியும் அழ வேண்டியதுதான். தனிநபர் விற்பனைக்குச் சட்டப் பாதுகாப்பும் குறைவு. பழுதுபார்த்துச் சோதித்த கியர் பெட்டியை வியாபாரியிடம் வாங்கினால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பெட்டி மூலையில் கிடந்தாலும் அந்த 30 நாள் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் மெக்கானிக்கிடம் தேதி வாங்குங்கள், அப்புறம் பெட்டியை வாங்குங்கள்.

உங்கள் காருக்கு வேண்டியது லேகாக் நிறுவனத்தின் எல்ஹெச் ரக ஓவர்டிரைவ். 1967 வரை வந்த டி ரகத்தைத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எல்ஹெச் பெட்டியின் அடியில் லேபிள் ஒட்டிய தகடு இருக்கும். அதைக் கழற்றச் சொல்லி, உள்ளே இருக்கும் ஃபில்டரைப் பாருங்கள். உலோகத் துகள் மின்னினால் திரும்பி வந்துவிடுங்கள். ஸ்பீடோமீட்டரும் அந்தப் பெட்டிக்குப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் வேகத்தைத் தப்பாகக் காட்டும்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸுக்கு 20டபிள்யூ-50 ஆயில் போதும். வழுக்கலுக்கென்று விற்கும் சேர்மானம் எதையும் ஊற்றாதீர்கள், ஓவர்டிரைவுக்குள் இருக்கும் கோன் கிளட்ச் (கூம்பு வடிவக் கிளட்ச்) பிடிக்காமல் நழுவும்.

ஃபோர்டு டைப் 9 ஐந்து கியர் பெட்டியும் எம்ஜிபிக்குப் போடுகிறார்கள். காரின் அசல் தன்மை கெடக்கூடாது என்றால் ஓவர்டிரைவ்தான் என் தேர்வு.

வயரிங் முடிந்ததும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். 3, 4 கியரில் மட்டுமே சொலினாய்டுக்கு (ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தம்) கரண்ட் போக வேண்டும். ஓவர்டிரைவ் பிடித்த நிலையில் ரிவர்ஸ் எடுத்தால் பெட்டி உள்ளேயே உடைந்துவிடும்.