வேலை போனால் உடல்நலமும் போகுமா?

கேள்வி: என் கணவர் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த தையல் ஆலையை மூடிவிட்டார்கள். மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீட்டின் சந்தாவையும் நிறுத்திவிட்டோம். பொருளாதார மந்தத்தின்போது நாட்டில் சாவு குறையும் என்று ஓரிடத்தில் படித்தேன். அது உண்மையா, ஐயா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: உண்மைதான், அம்மா. ஆனால் அது நாட்டின் கணக்கு. உங்கள் வீட்டின் கணக்கு வேறு. பெருமந்தம் தாக்கிய அமெரிக்காவில் 1929-இல் ஏறத்தாழ 57 ஆக இருந்த சராசரி ஆயுள், 1933-இல் 63 ஆக உயர்ந்தது. அதே ஆண்டுகளில் தற்கொலைகளும் பெருகின. ஆலையும் வண்டியும் ஓடுவது குறைந்தால் விபத்தும் புகையும் குறைகின்றன. வேலையில் நீடிக்கும் பெரும்பான்மையோருக்கு அது நன்மையாக முடிவதால், வேலை இழந்தவரின் துன்பம் சராசரிக்குள் மறைந்துவிடுகிறது.

எல்லா வீழ்ச்சியும் இப்படி முடிவதில்லை. சோவியத் ஒன்றியம் சிதறிய பின், 1990-இல் 64 அளவில் இருந்த ரஷ்ய ஆண்களின் ஆயுள் 1994-க்குள் 58-க்கும் கீழே போனது. அதில் மதுவின் பங்கு பெரிது. பின்லாந்திலோ, 1990-களின் தொடக்கத்தில் வேலையின்மை 3 விழுக்காட்டிலிருந்து 16-ஐத் தாண்டியபோதும் தற்கொலைகள் அதனோடு சேர்ந்து ஏறவில்லை. வேலையற்றோருக்கான உதவிகளை அரசு கைவிடாததை ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டுகிறார்கள். அதனால்தான், வேலை இழந்தோருக்குப் பணம் தரும் காப்பீட்டு நிதியான யு.ஐ.எஃப்.-க்குக் கணவருடைய விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள் என்கிறேன்.

இந்திய வம்சாவளியினரான நம் மக்களிடையே சர்க்கரை நோய் மிகுதி என்பதால் எனக்குப் பெருங்கவலை தருவது மாத்திரைதான். காய்கறிக் கத்தியால் மாத்திரையை இரண்டாக வெட்டி, ஒரு மாத அட்டையை இரண்டு மாதம் ஓட்டுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பருப்பையும் கீரையையும் குறைத்து, மூன்று வேளையும் வெள்ளை ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியுமாகச் சமாளிப்பதும் அதே வீடுகளில்தான். பசி அடங்கும், சர்க்கரை ஏறும். சில மாதங்களில் காலில் ஆறாத புண்ணோடு வருவார்கள்.

அரசு கிளினிக்கில் அடிப்படை மருத்துவம் 1996 முதல் இலவசம். வரிசை நீளம்தான், காலையிலேயே போய்விடுங்கள். கணவர் உறங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்று ஒருமுறை சொன்னாலும், அன்றைக்கே அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள். பழைய மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துச் சென்று, பாதி மாத்திரைதான் போட்டு வந்திருந்தால் கூசாமல் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், மருந்து போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டிவிடுவார்கள்.