“எனக்கு ஒருத்தரும் இல்லை” என்கிறாள் மகள்

கேள்வி: கிளிநொச்சி தருமபுரத்தில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை. அவளின் அப்பா கத்தாரில். நான் கார்மெண்ட்டில் வேலை, விடிய முதலே பஸ் வந்துவிடும். அம்மம்மாதான் பார்த்துக்கொள்கிறா. உடுப்பு, போன், ரியூசன் காசு ஒன்றுக்கும் குறை வைக்கவில்லை. போன கிழமை ஏதோ பேச்சில் “எனக்கு ஒருத்தரும் இல்லை” என்றாள். இதற்கு மேல் நாங்கள் என்ன செய்வது?

பதில்: நீங்கள் செய்வதில் குறையில்லை. ஆனால் நீங்கள் கணக்கில் எடுப்பது ஒன்று, அவள் கணக்கில் எடுப்பது வேறொன்று.

ஒருவருக்கு எவ்வளவு ஆதரவு இருக்கிறது என்று அளக்க 1988இல் சிமெட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய 12 கேள்விகள் உண்டு. குடும்பம், நண்பர்கள், நெருக்கமான ஒருவர் என்று மூன்று பக்கமும் கேட்பார்கள். என் பிரச்சினையை வீட்டில் பேசலாமா, சந்தோசத்தையும் துக்கத்தையும் சொல்லச் சினேகிதர் இருக்கிறார்களா என்கிற மாதிரி. காசு பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வீட்டார் கொடுத்ததை விட, ‘தேவைப்பட்டால் இவர்கள் இருப்பார்கள்’ என்று பிள்ளை நம்புவதுதான் மனத்திருப்தியோடு கூடுதலாகச் சேர்ந்து போகிறது. மறுபக்கமும் உண்டு: மனம் சோர்ந்த பிள்ளைக்கு இருக்கிற ஆதரவும் கண்ணில் படாது. அதனால் அவள் சொன்னதை நன்றிகெட்ட பேச்சாக எடுக்க வேண்டாம். 11 வயதுக்கும் 15க்கும் இடையில் வாழ்க்கைத் திருப்தி இறங்குவது பல நாடுகளில் கண்டதுதான், பெண் பிள்ளைகளிடம் இன்னும் கூடுதலாக.

வன்னியில் அடிக்கடி காதில் விழும் ஒரு வசனம் இருக்கிறது. பிள்ளை வகுப்பில் யாரோ கதைக்காமல் விட்டதைச் சொல்லத் தொடங்கும். “நாங்கள் பங்கருக்குள்ள கிடந்து, செட்டிகுளம் முகாமில தண்ணிக்கு லைனில நிண்டு வந்தனாங்கள், இதெல்லாம் ஒரு கஷ்டமோ?” என்போம். உண்மைதான். ஆனால் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளை அந்தத் தராசில் தன் துக்கத்தை வைத்தால் எப்போதும் தோற்கும். அடுத்த முறை சொல்லாது. உங்கள் கதையைச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்ல வேண்டும். அவள் அழுகிற நேரத்தில் மட்டும் வேண்டாம்.

சரி, எப்படித் தொடங்குவது? “என்ன பிரச்சினை?” என்று கேட்டால் “ஒண்டுமில்லை” என்றுதான் வரும். வாழ்க்கையை ஒரு ஏணியாக நினைக்கச் சொல்லிக் கேளுங்கள். உச்சிப்படி 10, ஆக நல்ல வாழ்க்கை, அடி 0. நீ இப்ப எந்தப் படியில்? பதின்ம வயதினரிடம் ஆய்வாளர்கள் கேட்பதும் இதுதான். 4 என்றால் “ஏன் 4 தான்?” என்று பாய வேண்டாம். “ஏன் 2 இல்லை?” என்று கேளுங்கள். தன்னைத் தாங்குகிறவர்களின் பெயர் அப்போது வரும். அம்மம்மாவாக இருக்கலாம், ரியூசனுக்குச் சேர்ந்து சைக்கிளில் போகிற சினேகிதியாகவும் இருக்கலாம். அந்தச் சினேகிதியை வீட்டுக்கு வரவிடுங்கள். படிப்பு கெடும் என்று அந்தச் சினேகிதத்தை வெட்டுவதுதான் நம் வீடுகளில் நடக்கிற பெரிய பிழை.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை, சாப்பாடு குழம்பினால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் இரண்டு கிழமை பார்த்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள், தனியே விடாதீர்கள். 1926 மனநல உதவி எண், 1929 சிறுவர் உதவி எண்.

அப்புறம், கத்தார் கோல். பல வீடுகளில் காசுக் கதை முடிந்த பிறகுதான் போன் பிள்ளையின் கைக்குப் போகும். “படிக்கிறியோ?” “ம்.” “சரி, அம்மாட்டக் குடு.” அங்கே மாலை 6 என்றால் இங்கே இரவு 8.30, பிள்ளையும் களைத்திருக்கும். வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு லீவு என்றால் நேரத்தோடு எடுக்கச் சொல்லுங்கள். முதலில் மகளோடு கதைக்கட்டும், படிப்பைப் பற்றிக் கேட்காமல்.