போனில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை: வைஃபை கேள்வி பதில்

"நெட் வரவில்லை" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு விவரத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அதே நேரத்தில், அதே வைஃபையில், போனில் வந்ததா? மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் போன் நம்மை ஏமாற்றிவிடும். போனிலும் வரவில்லை என்றால் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் டிரைவரை, அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளை, அழித்து, விண்டோஸை மறுபடி போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்.

கேட்டவர்களில் விண்டோஸ் வைத்திருப்பவர்களே அதிகம் என்பதால் பதில்களும் அதற்கேற்ப.

கேள்வி: வைஃபை சின்னம் முழுசாகக் காட்டுகிறது. ஆனால் 'நோ இன்டர்நெட்' என்கிறது. போனில் நன்றாக வருகிறது.

விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில், ஒரே சொல்லாகத் தட்டுங்கள். நீளமாக வரும். வைஃபை என்ற தலைப்பின் கீழே உள்ள ஐபிவி4 முகவரி, டிஃபால்ட் கேட்வே என்ற இரண்டு வரிகள் நமக்குப் போதும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், லேப்டாப் ரவுட்டரிடம் முகவரி கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். அதை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. சின்னத்தில் கோடுகள் நிறைந்திருப்பது சிக்னலுக்கு மட்டும்தான் சாட்சி. இந்த நிலையில் அந்த வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு மறுபடி இணைத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள்.

முகவரி ஒழுங்காக, 192.168 என்றோ 10 என்றோ தொடங்குகிறது என்றால் அடுத்த கட்டம் பிங் (ping), அதாவது அதே ஜன்னலிலிருந்து ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது. முதலில் கேட்வே வரியில் இருக்கும் எண்ணுக்கு அனுப்புங்கள். பதில் வந்தால் ரவுட்டர் வரை வழி சரி. அப்புறம் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8க்கு. அதற்கும் பதில் வந்து, பிரவுசரில் மட்டும் தளங்கள் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் மீது சந்தேகப்படலாம். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் வேலை அதனுடையது. வைஃபை அமைப்பில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கையால் போட்டுப் பாருங்கள். கேட்வேக்கே பதில் வரவில்லையா? விபிஎன், பழைய ஆன்டிவைரஸின் மிச்சம் மீதி, இவற்றை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு மறுபடி பிங் செய்யுங்கள். இரண்டு எண்களையும் குறித்து எழுதுங்கள், பார்க்கலாம்.

கேள்வி: வைஃபை சின்னமே காணாமல் போய்விட்டது. அமைப்புகளிலும் வைஃபை என்ற வரியே இல்லை.

விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசை தவறுதலாக அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி ஓடிக்கொண்டிருந்தால், விண்டோஸ் சாதாரணமாக அணைக்கும்போது முழுசாக அணைவதில்லை. தன் பாதி நினைவை வட்டில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துக்கொள்கிறது. கெட்டுப்போன டிரைவரின் நிலையும் அதோடு சேர்ந்து வந்துவிடும். 'தினமும் அணைக்கிறேனே, சரியாகவில்லையே' என்பவர்களுக்கு ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் சரியாவதன் ரகசியம் இதுதான்.

அதற்கும் வரவில்லை, லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரிலும் வைஃபை கார்டின் பெயர் இல்லை என்றால் கார்டு கழன்றிருக்கலாம் அல்லது செத்திருக்கலாம். யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் ஒன்றைக் கடன் வாங்கிச் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் ஃபேனைச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வைஃபை. அடுத்த அறைக்குப் போனால் இல்லை.

டிரைவர் எல்லாம் வேண்டாம். ஆன்டெனா கம்பி கழன்றிருக்கிறது, அனேகமாக உறுதி.

லேப்டாப்பின் ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கும். அங்கிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள், பல மாடல்களில் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, கீல் வழியாக இறங்கி வைஃபை கார்டுக்கு வரும். நுனியில் மிளகைவிடச் சின்னதாக ஒரு வட்டப் பித்தளைத் தொப்பி. கார்டில் அதற்கேற்ற ஒரு பொட்டு. தொப்பியைப் பொட்டின் மேல் நேராக வைத்து, நகத்தால் செங்குத்தாக அழுத்தினால் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். சாய்த்து அழுத்தினால் தொப்பி நெளிந்துவிடும். நெளிந்தது நெளிந்ததுதான், கம்பியையே மாற்ற வேண்டி வரும். நான் முதல் தடவை செய்தபோது கறுப்பைப் போட்டுவிட்டு வெள்ளையை பேட்டரிக்கு அடியில் மறந்துவிட்டேன். வைஃபை வந்தது, ஆனால் பாதி உயிரோடு.

நீங்களே திறப்பதானால் மின்சாரத்தைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். பழக்கம் இல்லையென்றால் பார்த்துக்கொடுத்தவரிடமே திரும்பக் கொடுங்கள். 'ஆன்டெனா கம்பி' என்ற இரண்டு சொல்லே போதும், அவருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் வைஃபை திணறுகிறது, பிடுங்கினால் சரியாகிவிடுகிறது. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும், நீங்கள் சொல்வது சரி. யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது, வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டது. கம்பியில்லா மவுஸ் அதே சமயம் தாவித் தாவிப் போவதும் இதனால்தான். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் முடிந்தது. முடியாதென்றால் டிஸ்க்கை வேறு பக்கத்துப் போர்ட்டில் செருகி, நல்ல உறை போட்ட கேபிளால் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கேள்வி: படுக்கையறையில் அடிக்கடி அறுந்துபோகிறது. ரவுட்டர் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கிறது. 5 நல்லதா, 2.4 நல்லதா?

பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால் என்றால், அந்தப் பெரிய உலோகத் தகட்டைச் சுற்றிக்கொண்டுதான் சிக்னல் வர வேண்டும். இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி இவையும் அப்படித்தான். கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், தண்ணீரோ சிக்னலைக் குடித்துவிடும். ரவுட்டரைத் திறந்த இடத்தில், தலை உயரத்துக்கு ஏற்றுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாக்களை நேராக நிறுத்துங்கள். குச்சியின் நுனியிலிருந்து சிக்னல் பாய்வதாகப் பலர் நினைத்துக்கொண்டு அதை அறையை நோக்கிச் சாய்க்கிறார்கள். உண்மையில் குச்சியின் பக்கவாட்டில்தான் வலு, நுனி இருக்கும் திசையில்தான் குறைவு.

5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவாக இருந்தாலும் சுவரைத் தாண்டும். கூடத்தில் 5, படுக்கையறையில் 2.4 என்று வைத்துக்கொள்ளலாம். ஊகம் வேண்டாம் என்றால் போனில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எண் கழித்தல் குறியோடு, டிபிஎம் என்ற அளவில் வரும். -50 பக்கம் இருந்தால் அருமை. -67 வரை வீடியோ பேச்சு தாங்கும். -80ஐத் தாண்டினால் அறுவதுதான் இயல்பு. 3 கூடக் குறைந்தாலே சிக்னலின் சக்தி பாதியாகிறது என்பதால், ரவுட்டரை ஓரடி நகர்த்தினாலும் சில இடங்களில் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: பக்கத்து வீட்டு வைஃபைகளே இருபது தெரிகின்றன. சேனல் மாற்றச் சொல்கிறார்கள். எதற்கு மாற்றுவது?

2.4இல் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்று. இவைதான் ஒன்றோடொன்று உரசாதவை. 'எல்லோரும் 1லும் 6லும் இருக்கிறார்கள், நான் 3க்குப் போகிறேன்' என்று போனால் இரண்டு பக்கத்து இரைச்சலும் உங்களுக்கு, உங்கள் இரைச்சல் இரண்டு பக்கத்துக்கும். அலைவரிசை அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள்.

கேள்வி: புது ரவுட்டர். போன்கள் எல்லாம் இணைகின்றன. பழைய லேப்டாப்பில் மட்டும் அதன் பெயரே தெரியவில்லை.

லேப்டாப்பின் கார்டு 2.4 மட்டும் தெரிந்ததாக இருந்தால் 5இன் பெயர் அதற்குத் தெரியாது. அது இல்லையென்றால் ரவுட்டரில் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். 2018இல் வந்த முறை அது, அதற்கு முந்தைய கார்டுகள் பலவற்றுக்குப் புரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலையை வைத்தால் போதும். பாதுகாப்பையே எடுத்துவிடுவது மட்டும் வேண்டாம். இன்னும் தெரியவில்லையென்றால் கார்டின் டிரைவரைப் புதுப்பியுங்கள். பழைய டிரைவர் சிலவற்றுக்கு வைஃபை 6 ரவுட்டரின் அறிவிப்பைப் படிக்கத் தெரியாது.

கேள்வி: மூடி வைத்துத் திறந்தால் வைஃபை வருவதில்லை.

டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர்ஸ், வைஃபை கார்டு, பவர் மேனேஜ்மென்ட். அங்கே மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்களில் அந்தப் பக்கமே இருக்காது. அவற்றில் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் போடுவதுதான் வழி.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டம். டவுன்லோடு 11க்கு மேல் ஏறவே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

திரையில் 11 எம்பி என்று காட்டினால் அது மெகாபைட். எட்டால் பெருக்குங்கள், 88 மெகாபிட் ஆகிவிடும். உங்களுக்கு எல்லாம் சரியாகவே வருகிறது.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான். லேப்டாப்பில் முகவரி 192.168.0.50, கேட்வே 192.168.0.1. பிங் போகவில்லை. போனில் பார்த்தால் 192.168.1.7 என்று இருக்கிறது.

மூன்றாவது எண்ணைப் பாருங்கள். போனில் 1, லேப்டாப்பில் 0. ஒரே ரவுட்டரிடம் வாங்கிய முகவரி என்றால் இந்த வீட்டில் அந்த இடமும் 1 ஆகத்தான் இருந்திருக்கும். 50 என்ற முழு எண்ணைப் பார்த்தால் யாரோ கையால் போட்டது போலத் தெரிகிறது. பழைய ரவுட்டரிலோ அலுவலகத்திலோ பிரிண்டருக்காக ஒரு தடவை போட்டிருப்பீர்கள். வைஃபை பண்புகளில் 'ஐபி அசைன்மென்ட்' மேனுவல் என்று இருக்கும். அதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். பக்கத்திலேயே டிஎன்எஸ்ஸும் மேனுவலாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். பிரிண்டர் பழைய முகவரியைத் தேடி முறைத்துக்கொண்டால் அதற்கு இன்னொரு நாள் எழுதுங்கள்.